எட்டாம் வகுப்புக்கு நாற்காலிப் பயிற்சி

6 ஜூலை 2020, திங்கள்

உடற்கல்வி ஆசிரியனாக இத்தனை வருடம் வெயிலில் நின்றவன், இன்று முதல்முறையாக ஃபேனுக்குக் கீழே நின்று வகுப்பு எடுத்தேன். எட்டாம் வகுப்பு, முதல் பீரியட், வீடியோ காலில். போனை நிறுத்தி வைக்க ஒன்றும் அகப்படவில்லை. இட்லிக் குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் ரவை டப்பாவை வைத்து, அதில் சாய்த்தேன். பிள்ளைகளுக்கு என் முழங்கால் மட்டும்தான் தெரிந்ததாம். பீரியட் முடிகிற நேரத்தில்தான் அதைச் சொன்னார்கள்.

வருகைப்பதிவு பெரும்பாடாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் அப்பா அம்மா போனில் வருகிறார்கள். திரையில் முகம் தெரியும் கட்டத்துக்குக் கீழே போன்காரர் வைத்த பெயர்தான் இருக்கிறது. "முருகன் டிராவல்ஸ்" என்று கூப்பிட்டேன். "உள்ளேன் ஐயா" என்றான் லோகித். "சாரதா மாவு மில்" என்றதற்குத் தன்யஸ்ரீ கை தூக்கினாள்.

பழக்க தோஷத்தில் விசில் ஊதினேன். மத்தியானம் ஒரு அம்மா போன் செய்தார். "சார், உங்க விசிலச் சேத்து எண்ணிக் குக்கர எறக்கிட்டனுங்க. பருப்பு வேகவே இல்லைங்க" என்றார். நாளை முதல் விசில் கிடையாது.

7 ஜூலை, செவ்வாய்

குதிக்கச் சொன்னேன். லோகித் மாடி வீட்டில் இருக்கிறான். கீழ்வீட்டுக்காரர் வகுப்புக்கு உள்ளேயே வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். மரியாதையான மனிதர்தான். முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் திட்டினார்.

8 ஜூலை, புதன்

தாளாளர் சௌந்தரம் மேடம் எல்லா ஆசிரியர்களையும் வீடியோ காலில் கூப்பிட்டார். ஓவிய ஆசிரியரை, பள்ளி திறக்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியாகிவிட்டது. அடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. மேடமே சொன்னார்.

"குழந்தைவேல் சார், உங்க வகுப்ப ஒரு நாள் வந்து பாக்கறேன். போன்ல பி.டி. தேவைதானான்னு அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்."

"வாங்க மேடம், எப்ப வேணாலும் வாங்க" என்றேன். மைக் அணைந்திருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பூங்கோதைக்கு மட்டும் கேட்டது. மனைவிக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்?

9 ஜூலை, வியாழன்

வகுப்பில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது. ஜெபா ஜெராக்ஸ் என்று பெயர். கேமரா இல்லை, மைக் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. பிள்ளைகளிடம் கேட்டேன், எவனும் தன் வீட்டு ஆள் என்று சொல்லவில்லை. வகுப்பு முடிகிறவரை கறுப்பாக உட்கார்ந்திருந்தது. எல்லாரும் போன பிறகுதான் போயிற்று.

ஜெபா என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஜெராக்ஸ் கடை இருக்கும். வெளியே தள்ளும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும். அவசரமில்லை.

10 ஜூலை, வெள்ளி

பூங்கோதைக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எனக்குக் கேட்க வேண்டியதைப் பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்காவிடம் மதிலுக்கு மேலே உரக்கச் சொல்கிறாள். ரங்கநாயகிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"ஏழு மாசம் முடியப் போகுதுங்க்கா. குனிஞ்சு செருப்புப் போட முடியலையாம். பொறந்த வீட்டுக்குக் கூட்டியாந்து வெச்சுப் பாக்க வேண்டிய நேரம். யாருகிட்டப் போய்ச் சொல்றது, சொல்லுங்க."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தை மூன்றாம் முறை படித்தபோதுதான் அது டெண்டர் அறிவிப்பு என்று தெரிந்தது.

போன வருடம் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு சத்திக்குப் போனவளைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்று இருக்கிறேன். ஆனால் ஊரில் தப்பாகப் பேசுகிறார்கள், அதை மட்டும் எழுதிவைக்கிறேன். பையன் வேறு சாதி, வேறு மதம், அதனால்தான் குழந்தைவேல் மகளோடு பேசுவதில்லை என்கிறார்கள். அப்படி இல்லை. பையனின் அப்பா ஆரோக்கியசாமி, சத்தியில் ஒரு பள்ளியில் என்னைப் போலப் பி.டி. வாத்தியார். மண்டல வாலிபால் இறுதி ஆட்டத்தில் அவன்தான் கோட்டு நடுவர். வெளியே விழுந்த பந்துக்கு உள்ளே என்று கொடி காட்டினான். எங்கள் பிள்ளைகள் அழுதுகொண்டே வேனில் ஏறினார்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் சம்பந்தம் வைக்க முடியுமா? இவ்வளவுதான் விஷயம்.

12 ஜூலை, ஞாயிறு

முழு ஊரடங்கு. கடை இல்லை, வண்டி இல்லை. பூங்கோதை புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சாதம், தக்காளிச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் செய்திருந்தாள். என்ன விசேஷம் என்றேன்.

"சும்மா தோணுச்சு."

சமையலறை ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு சாதமாக அதற்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. இவள் கையில் அல்ல, போனுக்குள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமல் திரும்பிவிட்டேன். தயிர்ச் சாதம் நன்றாக இருந்தது.

13 ஜூலை, திங்கள்

கீழ்வீட்டுக்காரர்களின் நலன் கருதி இன்று முதல் குதிப்பதை நிறுத்திவிட்டேன். எல்லாரும் கை இல்லாத நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வேண்டும் என்றேன். கணுக்காலைச் சுற்றுவது, தோளை உருட்டுவது, மூச்சை மெதுவாக இழுத்து விடுவது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணுக்கால் முக்கியம்.

"முடியாதவங்க முடிஞ்ச மட்டும் செஞ்சாப் போதும். மூச்சு வாங்குனா உடனே நிறுத்திரணும். யாரும் வீம்புக்குச் செய்யக் கூடாது" என்றேன்.

"நாங்க நல்லாத்தான் இருக்கறோம் சார்" என்றான் லோகித்.

15 ஜூலை, புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கபசுரக் குடிநீர் வாங்கத்தான் போனது. நர்ஸ் வளர்மதி என்னிடம் படித்த பெண். பேச்சுவாக்கில், "எட்டாவதுக்கு என்ன மாதிரிப் பயிற்சி குடுக்கலாம்மா?" என்று கேட்டேன்.

"எட்டாவது மாசத்துக்குங்களா சார்?"

"எட்டாம் வகுப்புக்கு."

வளர்மதி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "எட்டாம் வகுப்புன்னா ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க சார். மல்லாக்கப் படுக்க வேண்டாம், எடக்கைப் பக்கமாச் சாஞ்சு படுக்கச் சொல்லுங்க. தலைவலி, கால் வீக்கம், கண்ணு மங்கறதுன்னா ஒடனே இங்க வரச் சொல்லிருங்க, எட்டாம் வகுப்ப" என்றாள்.

எல்லாவற்றையும் மனப்பாடமாக்கிக்கொண்டு வந்தேன். குடிநீர் வாங்க மறந்துவிட்டது.

21 ஜூலை, செவ்வாய்

"சார், நாம எதுக்குங் சார் எடக்கைப் பக்கமாப் படுக்கோணும்?" என்று தன்யஸ்ரீ கேட்டாள். செரிமானத்துக்கு நல்லது என்றேன். அந்தப் பெண் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. எதிர்காலத்தில் வக்கீலாக வருவாள், இப்போதே வந்துவிடக் கூடாது.

3 ஆகஸ்ட், திங்கள்

ஜெபா ஜெராக்ஸ் வரவில்லை. நெட் கிடைத்திருக்காது.

4 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் வரவில்லை. கணுக்காலை வலப்பக்கம் சுற்றச் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்ல மறந்துபோனேன். பிள்ளைகள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மாவு மில்லில் யாரோ சிரித்தபோதுதான் நினைவு வந்தது.

பூங்கோதை இன்று பார்த்து மதில் பக்கமே போகவில்லை. நானே போய், "ரங்கநாயகி அக்கா உன்னத் தேடுது" என்றேன். "அது அந்தியூர் போயிருக்குதுங்க, மக வீட்டுக்கு" என்றாள் பூங்கோதை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "பிரஷர் கொஞ்சம் ஏறிருச்சாம். டாக்டரு ரெண்டு நாளு படுத்தே இருக்கச் சொல்லிட்டாராம். இப்பப் பரவால்லையாம்."

சுவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மாடிக்குப் போய்க் காய்ந்துகிடந்த துணியை எடுத்துவந்து மடித்தேன். இந்த வீட்டில் நான் துணி மடித்தது இல்லையாம். பூங்கோதை அதை இரண்டு முறை சொன்னாள்.

5 ஆகஸ்ட், புதன்

வந்துவிட்டது.

இன்று உப்பைப் பற்றிப் பாடம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் விற்கும் மிக்சர், எதையும் தொடக்கூடாது என்றேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. "சொன்னாக் கேக்கறதில்ல. சின்ன வயசுல இருந்தே மாங்கா ஊறுகான்னா சோத்த விட்டுப்போட்டு அதையே திங்கறது" என்றேன்.

"யாருங் சார்?" என்றான் லோகித்.

"பொதுவாச் சொன்னேன். மூச்ச இழு."

15 ஆகஸ்ட், சனி

சுதந்திர தினம். மேடம் பள்ளியில் கொடியேற்றியதைப் போனில் காட்டினார்கள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் விறைப்பாக நின்று வணக்கம் செய்தார்கள். ஒருவன் மேலே சட்டை, கீழே துண்டு. விடுமுறை நாள்தான், ஆனாலும் ஜெபா ஜெராக்ஸ் வந்திருந்தது.

28 ஆகஸ்ட், வெள்ளி

இன்று மேடம் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சௌந்தரம் மேடத்தின் முகம் முதல் கட்டத்தில் முளைத்தது. கேமராவைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்திருந்தார். கண்ணாடியும் நெற்றியும் மட்டும்தான் தெரிந்தன.

"சார், இது பி.டி. பீரியட்தானுங்களே?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப ஏன் எல்லாரும் தூங்கறாங்க?"

"மூச்சுப் பயிற்சிங்க மேடம்."

"எத்தன நாளா?"

பதில் சொல்வதற்குள் லோகித் மைக்கைத் திறந்து, "ஜூலைல இருந்துங்க மேடம்" என்றான். பையன் உண்மை பேசுபவன். உண்மை பேச வேண்டும் என்று நானேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மேடம் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று கண்ணாடி நகர்வதில் தெரிந்தது. ஓரிடத்தில் நின்றது.

"இது யாரு, ஜெபா ஜெராக்ஸ்? எந்தப் பையன்?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ரவை டப்பாவைப் பார்த்தேன்.

"வருகைப்பதிவுல இந்தப் பேரு இல்லையே. சார், வெளியாளுங்க வகுப்புல உக்காந்து புள்ளைங்களப் பாத்துட்டு இருந்தா எவ்வளவு பெரிய தப்பு. பேரண்ட்ஸுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? மொதல்ல ரிமூவ் பண்ணுங்க."

மேடம் சொன்னது சரி. பிள்ளைகள் இருக்கிற இடம். நான் மேடமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெளியே தள்ளும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஜூலையிலேயே தெரியும். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். தள்ளவா என்று போன் கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு இருந்தன.

"சார்?" என்றார் மேடம்.

"வெளியாளு இல்லைங்க மேடம்" என்றேன். "எம் பொண்ணுங்க. மேகலா. மாசமா இருக்குது."

 

 பிறகு அந்தக் கறுப்புக் கட்டத்தில் மைக் திறந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. தூரத்தில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் வந்தது.

"உள்ளேன் ஐயா" என்றாள்.

பிள்ளைகள் பக்கம் ஒரே கைதட்டல். மைக் அணைந்திருந்ததால் சத்தம் வரவில்லை, கை மட்டும் அடித்துக்கொண்டது. பூங்கோதை கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, என்னைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, போனுக்கு முன்னால் நின்றாள். வகுப்பு அத்துடன் முடிந்தது.

அதே நாள், சாயங்காலம்

மேடம் போன் செய்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"உங்க பொண்ணுக்கு இப்ப எத்தனாவது மாசங்க சார்?"

"ஒம்பது நடக்குதுங்க மேடம்."

"அப்ப எட்டாங்கிளாஸ் புள்ளைங்க எப்பக் குதிக்கும்?"

"கொழந்தை பொறந்த ஒடனே மேடம்."

அந்தப் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவேளை சிரித்திருப்பார். "நாளு பூரா நாற்காலில உக்காந்து எனக்கே இடுப்பு வலிங்க. காலைல நீங்க சொன்னத நானும் செஞ்சு பாத்தேன், தேவலையா இருக்குது. பி.டி. பீரியட் இருக்கட்டும். ஆனா ஸ்கூல் ஐடி இல்லாம இனி யாரும் உள்ள வரக்கூடாது, உங்க பொண்ணும்தான்" என்றார்.

"இனி அதுக்குத் தேவையிருக்காதுங்க மேடம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. பூங்கோதை அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து பழைய வேட்டிகளை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தாள். எல்லாம் என் வேட்டி.

2 செப்டம்பர், புதன்

முருகன் டிராவல்ஸ் காரில் சத்திக்குப் போனோம். லோகித்தின் அப்பாவே ஓட்டினார். வழியெல்லாம், தன் மகன் இப்போது கருவாடு தின்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார்.

ஆரோக்கியசாமி வாசற்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரும் நின்றார். வாத்தியார் புத்தி.

"வாங்க" என்றார்.

"வந்துட்டனுங்க" என்றேன்.

"உங்க வகுப்பு நல்லா இருக்குதுங்க. மருமக போனுல வெச்சுட்டு உக்காரும்போது, பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு நானும் உக்காந்துக்குவேன். மூட்டுவலி பாதி கொறஞ்சிருச்சு."

"நீங்களுமா?"

"தோள உருட்டறத மட்டும் கொஞ்சம் வேகமாச் சொல்றீங்க. மத்தபடி ஒண்ணும் கொற இல்ல."

எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால் வேகம்தான்.

மாப்பிள்ளை ஜெபராஜ் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். பையை எடுப்பது, தண்ணீர் கொடுப்பது, மறுபடி பையை எடுப்பது என்று என் கண்ணில் படாமல் சுற்றினான். "நீயும் வந்து நாலு நாளு இருந்துட்டு வா தம்பி" என்றேன். கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டான்.

மேகலா உள்ளிருந்து மெதுவாக வந்தாள். வீடியோவில்கூட முகத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. சொல்ல வேண்டும் என்று காரில் வரும்போது சிலவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். 

"காலக் காட்டு" என்றேன். குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் அதிகமில்லை.

"உப்பக் கொறச்சியா?"

"கொறச்சன்ப்பா."

"ஊறுகா?"

நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ஊறுகாயை விடவில்லை என்று புரிந்துகொண்டேன்.

11 செப்டம்பர், வெள்ளி

வகுப்பு நடக்கும்போது எதிரே நிஜ நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைச் சுற்றுகிறாள். இருந்தாலும் போனைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நேரே சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள்.

23 செப்டம்பர், புதன்

பெண் குழந்தை. இருவரும் நலம். வகுப்புக்கு விடுப்பு.

ஆஸ்பத்திரிக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. பூங்கோதை உள்ளே போய்விட்டாள். ஆரோக்கியசாமியும் மாப்பிள்ளையும் நானும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். பூங்கோதை வீடியோ காலில் குழந்தையைக் காட்டுகிறேன் என்று சொல்லி, வெகுநேரம் ஆஸ்பத்திரி ஃபேனைக் காட்டினாள். நல்ல ஃபேன் என்று நாங்கள் மூவரும் சொன்னோம். பிறகு நர்ஸ் வளர்மதி வந்து போனைத் திருப்பிப் பிடித்தாள்.

ஆரோக்கியசாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். இடைவெளி விட வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

5 அக்டோபர், திங்கள்

மறுபடியும் வகுப்பு. குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு வாரமாகப் போனில் அடம். தொட்டில் கூடத்தில்தான் கட்டியிருக்கிறது, காற்று அங்கேதான் வரும். சிக்னலும் அங்கேதான் கிடைக்கும். மேகலா தொட்டில் பக்கம் படுத்திருந்தாள், இடக்கைப் பக்கமாக. போனைக் கையில் எடுத்து, தொட்டிலுக்கு மேலே கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாக் கட்டங்களிலும் முகங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"தூங்குதுங்களா சார்?" என்று தன்யஸ்ரீ ரகசியமாகக் கேட்டாள்.

"இப்பத்தான் தூங்குச்சு" என்று நானும் ரகசியமாகச் சொன்னேன்.

"அப்ப இன்னைக்கும் நாற்காலிதானுங்களா?" என்றான் லோகித். பாவம். பையனுக்குக் குதித்து வெகுநாளாயிற்று. கீழ்வீட்டுக்காரரும் காலி செய்துவிட்டுப் போய்விட்டாராம்.

நாற்காலியை எடுத்துவிடச் சொன்னேன். எழுந்து நிற்கச் சொன்னேன். வாயைத் திறக்காமல், கையை உயர்த்திக் காட்டினேன். குதித்தார்கள்.

குதித்தால் குதிகால் தரையில் அறையக் கூடாது, நுனிக்காலில் வந்து, முழங்காலை மடக்கி, பூனை மாதிரி இறங்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன். மைதானத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இன்று எல்லாரும் அப்படித்தான் இறங்கினார்கள். முருகன் டிராவல்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கியது. சாரதா மாவு மில் இரண்டு ஜடையையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியது.

எல்லாருடைய மைக்கும் அணைந்துதான் இருந்தது. அவர்கள் தரை அதிரக் குதித்திருந்தாலும் இங்கே ஒரு சத்தமும் வந்திருக்காது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

குழந்தை பீரியட் முடிகிறவரை தூங்கியது.